தூத்துக்குடியில் ஆயிரம் பேர்

மார்ச் 4, சனி

பேட்டரி கம்பெனிக்காரன் புதுவருஷத்துக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாக மேசையில் தூசி தின்றுகொண்டிருந்தது. துருவின் பாட்டு வரிகளை எழுதி வைக்கலாம் என்று இன்று எடுத்தேன். அந்த மனுஷனின் பாட்டை எவனும் எழுதி வைக்கவில்லை. யாராவது ஒருத்தி செய்ய வேண்டுமே.

துரு என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். ஆள் வடசென்னை. கன்டெய்னர் யார்டில் உள்ளே வரும், வெளியே போகும் பெட்டிகளின் நம்பரைக் குறிக்கிற வேலை. நாலு வருஷமாக ராப் பாட்டு போடுகிறார். நேற்றுவரை அவருடைய ‘எடை மேடை’ பாட்டுக்கு வியூஸ் இருநூற்றுப் பதினாலு. ஒரு நடிகர் வீட்டு நாய் கொட்டாவி விட்டதை இருபது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாசமாய்ப் போக.

*பொட்டிக்கு நம்பர் கீது, பூட்டு கீது, போற ஊர் எழுதி கீது,*
*முட்டிக்கு நோவு கீது, மூச்சு கீது, எனக்கு எந்த ஊர் எழுதி கீது?*

இதை முதல்தடவை கேட்டபோது கையிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்தது. அதைத் தேடாமல் பாட்டைத் திரும்பப் போட்டேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பாவின் ரேடியோ கடைக் காலத்திலிருந்தே உண்டு. ரிப்பேர் பார்த்த ரேடியோ ஒரு பகல் முழுக்கப் பாடி முடித்த பிறகுதான் வாசலைத் தாண்டும். இப்போது ரேடியோ போய் மொபைல் வந்துவிட்டது, வழக்கம் மாறவில்லை. டிஸ்ப்ளேயோ பேட்டரியோ மாற்றினால் நாலு மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, சூடாகிறதா, அணைகிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். எப்படியும் ஏதோ ஒரு பாட்டு ஓடத்தான் வேண்டும். அது துருவின் பாட்டாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

மார்ச் 9, வியாழன்

‘எடை மேடை’ 391. இன்று ஏழு போன் டெஸ்டிங்.

மார்ச் 15, புதன்

துரு மட்டும் இல்லை, இந்த நாட்டில் கேட்பாரற்றுக் கிடக்கிறவர்கள் நிறையப் பேர். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற அக்காள் தங்கை இரண்டு பேர் ராப் பாடுகிறார்கள். தாளத்துக்கு எந்தக் கருவியும் கிடையாது, கத்தரிக்கோல் இலையை நறுக்குகிற சத்தம்தான் தாளம். ஒருத்தி நிறுத்துகிற இடத்தில் மற்றவள் எடுப்பாள், நடுவில் ஒரு நறுக்கு. முப்பத்தெட்டு வியூஸ். ஓசூரில் ஒருவர் முகத்தைக் காட்ட மாட்டார். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி போனிலேயே பதிவு செய்கிறார். பின் சீட்டில் எவனோ விடுகிற குறட்டையும் பாட்டில் கேட்கும். குறட்டை நிற்கிற இடத்தில் இவரும் நிறுத்துவார் பாருங்கள், அப்பப்பா, அதற்கே ஒரு விருது கொடுக்கலாம்.

ஆனாலும் துரு வேறு ரகம். மற்றவர்கள் மூச்சு வாங்குகிற சத்தத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள். இவர் அப்படியே விட்டுவிடுவார். இரண்டு வரிக்கு நடுவில் அவர் மூச்சை இழுக்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கும். அம்மாவைப் பற்றிய பாட்டை இன்று முழுதாக எழுதி முடித்தேன். அவர் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர்.

*மீனு மீனுன்னு கூவுன தொண்ட,*
*அதுலேர்ந்து எறங்குச்சு என் சண்ட.*
*கூட காலியாவற வரைக்கும் குந்தல அவ,*
*குந்துன ஒடனே கேட்டா, ‘சோறு துன்னியாடா?’*

பாட்டுக்குக் கீழே ‘மரியா மொபைல்ஸ்’ என்ற பேரில் பத்து வரி பாராட்டி எழுதினேன். ஒற்றைக் கமெண்ட் அநாதையாகக் கிடப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னும் இரண்டு பொய்ப் பேரில் எழுதினேன். துரு மூன்று பேருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லியிருந்தார்.

மார்ச் 22, புதன்

மட்டக்கடைப் பக்கம் இருக்கிற டீச்சர் போனைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை. “ஏம்மா கிறிஸ்டில்டா, என் போன்ல எவனோ ஒருத்தன் கத்திக்கிட்டே வாரான். ஜெபப் பாட்டு போட்டா அதுக்கு அடுத்து இவன் வாரான். என்ன செஞ்சு வச்சிருக்க?”

“டெஸ்டிங்ல ஓடினது டீச்சர், ரெண்டு நாள்ல போயிரும்” என்றேன். அவர் பேரில் சப்ஸ்கிரைப் போட்டுவிட்டதைச் சொல்லவில்லை. பத்துக் காசு நஷ்டமா அவருக்கு?

பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியும் நாளெல்லாம் சத்தம் தாங்கவில்லை என்று திட்டிவிட்டார். இனிமேல் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

ஏப்ரல் 2, ஞாயிறு

இன்று துரு லைவில் வந்தார். பார்த்தவர்கள் ஒன்பது பேர்.

“இன்னா சொல்றதுன்னே தெர்ல. குஜராத்துல ஒரு போர்ட்டுல சூப்பர்வைசர் வேல சொல்லிகீறாங்க. பெர்மனன்ட்டு. மே மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். ‘கேட் பாஸ்’ ஆல்பம் முடிஞ்சிருச்சு, ஆறு பாட்டு. இத்த யாராச்சும் கேட்டா இங்கியே இருப்பேன். கேக்கலைன்னா மைக்க மூட்ட கட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போகக் கூடாது. அவ்வளவுதான். எதைச் செய்தாவது போகவிடக் கூடாது.

ஏப்ரல் 5, புதன்

ஸ்கிராப் வியாபாரியிடமிருந்து பழைய போன்கள் எடுத்து வந்தேன். கண்ணாடி உடைந்தது, பட்டன் போனது, எதுவானால் என்ன, வீடியோ ஓடினால் போதும். சுவரோரம் பலகை அடித்து வரிசையாக நிறுத்தியாயிற்று. மொத்தம் இருபத்துமூன்று. ‘கேட் பாஸ்’ நேற்று வெளியாகிவிட்டது. ஆறு பாட்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கடை அடைப்பு. அம்மாவோடு கோவிலுக்குப் போய், மூன்று மணி ஆராதனை முடியும்வரை முழங்காலில் இருந்தேன். அந்த நேரத்திலும் ஷட்டருக்குப் பின்னால் பலகை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமையே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அம்மாவிடம் எரிந்து விழுவது, பூசைக்குப் பிந்திப் போவது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இதில் என்ன பாவம் இருக்கிறது?

ஏப்ரல் 13, வியாழன்

‘கேட் பாஸ்’ 1,870. இன்று பாட்டைக் கேட்க நேரமே இல்லை. நாளெல்லாம் நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

நாலாயிரம்! மாதாவே, நாலாயிரம்!

சாயங்காலம் துரு லைவில் வந்தார். எங்கெங்கே பாட்டு ஓடுகிறது என்று அவருக்கு ஊர்ப்பட்டியல் தெரியுமாம். அது எனக்குத் தெரியாது.

“தூத்துக்குடி! யாருப்பா நீங்கள்லாம்? நான் அந்த ஊரப் பார்த்ததுகூடக் கெடயாது. நாலாயிரம் தபா ஓடிகீது, முக்காவாசி தூத்துக்குடிலேர்ந்து. ஒரு ஆளு நாலு தபா கேட்டான்னு வெச்சாகூட ஆயிரம் பேரு இருக்கான்ல? எங்கியோ ஒரு ஊர்ல ஆயிரம் பேரு என் பாட்ட கேட்டுகினு கீறான், நான் இங்க குந்திகினு யாருமே இல்லன்னு பொலம்பிகினு கீறேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

தம்பி ரிக்ஸன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கடைப்பக்கம் வருவதே அபூர்வம். இன்று சார்ஜர் தேடி வந்தவன் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டான்.

“யக்கா, இதெல்லாம் யாரு போனு?”

“ஸ்கிராப்புல.”

“ஸ்கிராப்புக்கு எதுக்கு சார்ஜ் போட்டு வச்சிருக்க?” கொஞ்ச நேரம் திரைகளைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. “அந்த மனுசன் வெள்ளிக்கிழம லைவ்ல அழுதாரு. நானும் பாத்தேன். யார நெனச்சு அழுதாரு? இந்தப் பலகைய நெனச்சா?”

“நாலு பேர் கேக்காவன்னு தெரிஞ்சாத்தாம்ல நாற்பது பேர் வருவான். ஒரு தள்ளு தள்ளி விடுதேன், அவ்வளவுதான்.”

“ஆளே இல்லாத வண்டியத் தள்ளுத நீ. அவருட்டச் சொல்லிரு.”

“ஒனக்கு யாரும் செய்யலங்கிற பொறாமையில பேசாதல.”

சொல்லியிருக்கக் கூடாது. அவன் சார்ஜரைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ரிக்ஸனும் மூன்று பாட்டு போட்டான். கிரேன் மேலே உட்கார்ந்து எழுதியது. என்னைக் கூப்பிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டினான். அரை நிமிஷம் கேட்டிருப்பேன். “இத யாரும்ல கேப்பா?” என்று சிரித்தேன். “நீ கேட்டாப் போதும்க்கா” என்றான். அதற்குள் ஒரு கஸ்டமர் வந்துவிட்டார், எழுந்து போனேன். அடுத்த வாரம் மூன்றையும் அழித்துவிட்டான். அவனும் மறந்திருப்பான். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 6, சனி

‘மரியா மொபைல்ஸ்’ பேருக்குத் துருவிடமிருந்து குரல் பதிவு வந்திருக்கிறது. ஆம்பளை என்று நினைத்துப் பேசுகிறார்.

“ப்ரோ, துரு பேசுறேன். மொதல்லேர்ந்து நீங்க நம்ம பாட்டுக்குக் கீழ எழுதிகினு வர்றீங்க. தூத்துக்குடியில ஒரு ஷோ போட்லாம்னு கீறேன். சின்னதா ஒரு மண்டபம் பாத்துச் சொல்றீங்களா? குஜராத் வேலைய வேணாம்னு சொல்ட்டேன் ப்ரோ. ஆயிரம் பேர வுட்டுட்டு எங்க போறது?”

ஐந்து தடவை கேட்டேன். வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் கேட்டது அதுதானே? அதுதான் நடந்திருக்கிறது. பிறகு ஏன் ஆறாவது தடவையும் அதைப் போடுகிறேன்?

உண்மையை முழுதாக டைப் செய்தேன். ஒரு பக்கம் வந்தது.

மே 7, ஞாயிறு

அதை அழித்துவிட்டு “வாங்க தம்பி, மண்டபம் நான் பார்க்கிறேன்” என்று அனுப்பினேன்.

மே 20, சனி

உப்பளத் தொழிலாளர் சங்க மண்டபம். முந்நூறு நாற்காலி. ஜூன் 18, ஞாயிறு, மாலை நாலு மணி. நோட்டீஸ் அடித்து, ரிப்பேர் முடிந்து போகிற ஒவ்வொரு போனின் பின் கவருக்குள்ளும் ஒன்று வைக்கிறேன். கல்லூரி வாசலில் நின்றேன். பஸ் ஸ்டாண்டில் ஒட்டினேன். ஜெராக்ஸ் அண்ணாச்சி “ராப்புன்னா என்னம்மா, கெட்ட வார்த்தையா?” என்று கேட்டுவிட்டு நூறு நோட்டீஸ் தாமே அடித்துக் கொடுத்தார்.

எல்லோரும் “வாரேன், வாரேன்” என்கிறார்கள். இந்த ஊரில் வரமாட்டேன் என்று ஒருத்தன் முகத்துக்கு நேரே சொல்வானா?

ஜூன் 10, சனி

இப்போது ஒன்பதாயிரத்து முந்நூறு. பலகையில் ஓடியது, டெஸ்டிங்கில் ஓடியது, நான் கேட்டது எல்லாவற்றையும் உட்கார்ந்து தோராயமாகக் கழித்துப் பார்த்தேன். மிச்சம் அறுபது சொச்சம்.

அறுபது பேர் என்றாலும் ஆள்தானே. ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்தால் பாதி மண்டபம் நிறைந்துவிடும். பலகையை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ஷோவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நம்பர் படுத்துவிட்டால் அவர் மனசு ஒடிந்துபோகும். ஓடட்டும்.

ஜூன் 19, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

காலையில் ரயிலடிக்கு நானும் ரிக்ஸனும் போனோம். ரிக்ஸன் என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் வந்தான். துரு திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பின்னால் ஒரு அம்மா இறங்கினார், கையில் ஒரு பை.

“நீங்களாக்கா மரியா மொபைல்ஸ்? நான் யாரோ ஒரு பையன்னுல நெனச்சிகினு இருந்தேன்!” என்று சிரித்தார். “இது எங்கம்மா. பாட்டு பாட்டுன்னு திரியறியே, யார்றா கேக்கறான்னு நாலு வருசமா கேட்டுகினே இருந்துச்சு. நேர்ல காட்லாம்னு கூட்டியாந்தேன்.”

அந்த அம்மா பேர் கன்னியம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆயிரம் பேரு கேக்கறாங்களாமே! எம் புள்ள சொல்ட்டு அழுறான். சரி, நானும் ஒரு தபா கண்ணால பாத்துட்டு வர்றேன்னு கெளம்பிட்டேன்.”

நான் ரிக்ஸன் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு மண்டபத்தில் ஏழு பேர். ஆரம்பிக்கவா என்று துரு கேட்டார். இந்த ஊரில் நாலு என்றால் நாலரை என்றேன். நாலரைக்குப் பதினொன்று. ஐந்து மணிக்கு மேல் அவரே, “இருக்கிறவங்கள காக்க வெக்கக் கூடாதுக்கா” என்று சொல்லி மைக்கை எடுத்தார். நான் வாசலுக்கு ஓடினேன். தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். கடைசிக் கணக்குக்குப் பதினேழு பேர். அதில் என் அம்மா, ரிக்ஸன், அவன் கூட்டாளிகள் நாலு பேர், ஜெராக்ஸ் அண்ணாச்சி, வாட்ச்மேன், வெயிலுக்கு ஒதுங்கிய இரண்டு பேர். மட்டக்கடை டீச்சர்கூட வந்திருந்தார், என்மேல் உள்ள பிரியத்தில்.

நான் உள்ளே திரும்பியபோது மூன்றாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் கன்னியம்மா தனியாக உட்கார்ந்து, அடிக்கொரு தரம் திரும்பிப் பின்னால் பார்த்தார். அவருக்குப் பின்னால் காலி நாற்காலிகள் கதவுவரை கிடந்தன. நடுவில் ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். சாயர்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாளாம், கல்லூரிப் பெண். எல்லா வரியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. துரு மூச்சு வாங்குகிற இடத்தில் அவளும் வாங்கினாள். முதல் பாட்டிலிருந்தே அவள் கூடவே பாடுகிறாள் என்று ரிக்ஸன் சொன்னான். துரு ஆறு பாட்டையும் குறைக்காமல் பாடினார். முந்நூறு பேருக்குப் பாடுகிற மாதிரியே பாடினார். கடைசியில் குனிந்து கும்பிட்டபோது அந்தப் பெண் விசிலடித்தாள்.

ராத்திரி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கன்னியம்மாவுக்குக் கொஞ்சம் உட்கார வேண்டும் என்று ரிக்ஸனின் கூட்டாளி ஒருவன் அவரையும் துருவையும் ஆட்டோவில் ஏற்றி, ரிக்ஸனிடமிருந்த மாற்றுச் சாவியை வாங்கிக் கடைக்குக் கூட்டிப் போய்விட்டான். நான் மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். தெரிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஷட்டர் திறந்திருந்தது.

பலகையில் இருபத்துமூன்று போனும் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்துமூன்று துரு. சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைந்தது.

கன்னியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “டேய், இங்க வாடா, வந்து பார்றா! எத்தினி பேரு போனு! எல்லாத்துலயும் நீதான்டா கீற! மண்டபத்துக்கு வர்ல, அதனால இன்னா, ஞாயித்துக்கெழம, ஆயிரம் வேல இருந்திருக்கும். ஆனா கேக்கறாங்கடா. ரிப்பேருக்குக் குடுத்த போன்லகூட ஒன்னத்தான்டா போட்டு வெச்சிகீறாங்க!”

துரு பக்கத்தில் வந்தார். கண்ணாடி உடைந்த போனைப் பார்த்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் ‘ஸ்கிராப்’ என்று நான் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். சார்ஜர் வயர்கள் போகிற வழியைக் கண்ணாலேயே தொடர்ந்துபோய்க் கடைசியில் என்னைப் பார்த்தார்.

“இவங்கதானாக்கா?”

தலையை ஆட்டினேன்.

“இன்னாடா சொல்ற?” என்றார் கன்னியம்மா.

“ஒண்ணுமில்லம்மா. எல்லாம் நம்ம ஆளுங்கதான்னு சொன்னேன்.”

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, அம்மாவுக்குக் கேட்காமல் கேட்டார். “சவுண்டு வெக்கலியாக்கா?”

“பக்கத்துக் கடைக்காரங்க திட்டுவாங்க தம்பி.”

“சவுண்டே இல்லாமயா இத்தினி நாளும் ஓடுச்சு?”

கேட்டுவிட்டு அம்மா பக்கம் போய்விட்டார். திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கிளம்பும்போது கன்னியம்மா பையிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார். மோவாயைத் தொட்டு, “எம் புள்ளைக்கு எம்மாஞ் செஞ்சிகீற நீ, நல்லா இருப்ப” என்றார். என் கடை நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஜூன் 20, செவ்வாய்

பலகையைக் கழற்றினேன்.

ஜூலை 3, திங்கள்

இரண்டு வாரம் எழுதி எழுதி அடித்துவிட்டு, நேற்று துருவுக்கு முழு உண்மையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இன்று பதில் வந்தது.

“பரவால்லக்கா. நல்ல மனசுலதான் செஞ்சீங்க. அந்த சூப்பர்வைசர் வேலைக்கு வேற ஆள எடுத்துட்டாங்க. அதே போர்ட்டுல லாஷிங்குக்கு ஆள் கேட்டாங்க, கப்பல்ல பொட்டிய இழுத்துக் கட்ற வேல. போறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அது ஏரியா பூராவும் சொல்லி வெச்சிகீது.”

நாலு வருஷம் நிழலில் நின்று நம்பர் எழுதியவர் இனி வெயிலில் கம்பி இழுக்கப் போகிறார். நான் அனுப்பி வைத்தது. இதை வேறு எப்படி எழுதினாலும் பொய்.

ஆகஸ்ட் 5, சனி

மாதா திருவிழா. தேர் பார்த்தேன். இந்தமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, “கேட்கிறவங்க இருக்காங்கன்னு நம்ப வச்சிட்டீங்க” என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 12, சனி

துருவின் சேனலைக் காணோம்.

முதலில் நெட் சரியில்லை என்று நினைத்தேன். அம்மா போனில் தேடினேன், ரிக்ஸன் போனில் தேடினேன். இல்லை. ‘எடை மேடை’ இல்லை, மீன் பாட்டு இல்லை, ‘கேட் பாஸ்’ இல்லை. அழித்துவிட்டார். மூட்டையிலிருந்த இருபத்துமூன்று போனையும் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக சார்ஜ் போட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு பாட்டை நான் சேமித்து வைக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்ததே, எங்கே போய்விடும் என்ற தைரியம்.

ஆகஸ்ட் 26, சனி

இன்று மத்தியானம் கடை போன் அடித்தது. எடுத்தால், “யம்மா, நான்தாம்மா, துருவோட அம்மா.”

குஜராத்துக்குப் போனவர் பத்து நாளைக்கொருமுறைதான் பேசுகிறாராம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் பாட்டைப் போடச் சொன்னால் வரமாட்டேன் என்கிறதாம். “இன்னா ஆச்சோ தெர்ல. ஒன் கடையில எத்தினி போன்ல ஓடிச்சு! எதுலயாச்சும் அந்த மீன் பாட்ட வெச்சு, போனாண்ட காட்டும்மா. கேட்டுட்டு வெச்சிர்றேன்.”

இல்லை என்று சொல்ல வாய் எழவில்லை. “இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு இந்த டைரியை எடுத்தேன். மார்ச் 15. போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த நாலு வரியையும் படித்தேன்.

கன்னியம்மா முழுதும் கேட்டார். பிறகு, “அவன் இப்டி சொல்ல மாட்டாம்மா. நீ பொஸ்தகம் படிக்கிற மாரி சொல்ற. அவன் வேகமா சொல்வான்” என்றார்.

ரிக்ஸன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தானோ. தூக்கை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசை ஓரத்தில் தட்ட ஆரம்பித்தான். என் பக்கம் திரும்பவில்லை. தட்டுக்குத் தகுந்தாற்போல் நான் சொன்னேன். இரண்டாவது தரம் தடுமாறினேன். மூன்றாவது தரம் வந்துவிட்டது. கடைசி வரிக்கு முன்னால் அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் நானும் நின்றேன். நான் எடுப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து கன்னியம்மாவே, “சோறு துன்னியாடா?” என்றார்.

ரிக்ஸன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

“நாளைக்கும் போன் பண்றேம்மா” என்றார் கடைசியில். “அன்னிக்கு மேடையில மொதல்ல ஒண்ணு பாடுனான் பாரு, அந்தப் பொண்ணுகூடச் சேர்ந்து பாடிச்சே, அத்த நாளைக்கு வெய்யி.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் முழுக்கப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். மார்ச்சில் எழுதிய பாட்டெல்லாம் இருக்கிறது. ‘கேட் பாஸ்’ ஆறு பாட்டிலும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ரிக்ஸனைக் கேட்டேன், தாளம் ஞாபகம் இருக்கிறது, வார்த்தை இல்லை என்கிறான். அந்த சாயர்புரத்துப் பெண்ணுக்குத் தெரியும். அவள் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு முதல் பாட்டு ஓடும்போது நான் வாசலில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.